நடுக்கடலில் நெட் வேணுமா? படகு, கப்பல் பயணத்தில் பில் எகிறாமல் தப்பிப்பது எப்படி? முழு விவரம்!

விமானத்தில் வெளிநாடு போனால், இறங்கியதும் ஒரு சிம் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. படகிலோ கப்பலிலோ போனால் கதையே வேறு. காலையில் ஒரு நாட்டு டவர், மதியம் பக்கத்து நாட்டு டவர், ராத்திரி டவரே இல்லாத கடல். உங்களைக் கேட்காமலேயே போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். பில் மட்டும் உங்கள் பெயருக்கு வரும்.

பாய்மரப் படகில் மாதக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றுபவர்கள் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். கரை பக்கத்தில் இருக்கும் வரை டவர், கரை மறைந்த பிறகுதான் சாட்டிலைட். சொகுசுக் கப்பலில் நாலு நாள் டூர் போகிறவர், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஃபெரி ஏறுகிறவர், சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர் என எல்லோருக்கும் இதே கணக்கு உதவும். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே காசு போகும், எங்கே மிச்சமாகும்? விரிவாகப் பார்ப்போம்.

கடலில் நெட் எங்கிருந்து வருகிறது?

மொத்தம் நான்கு வழிகள் இருக்கின்றன.

1. கரையில் இருக்கும் செல்போன் டவர். இருப்பதிலேயே மலிவு இதுதான்.
2. துறைமுகம், மரினா, கரையோர ஹோட்டல்களில் கிடைக்கும் வைஃபை. பெரும்பாலும் இலவசம், ஆனால் வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை.
3. கப்பலே தரும் வைஃபை. இதற்குத் தனியாக பேக்கேஜ் வாங்க வேண்டும்.
4. சாட்டிலைட். சொந்தமாக டிஷ் அல்லது சிறிய கருவி வைத்திருந்தால் கிடைக்கும்.

இவை தவிர ஐந்தாவதாக ஒன்று உண்டு. கப்பலுக்குள்ளேயே இயங்கும் 'மினி டவர்'. நிறைய பேருக்கு பில் எகிறுவது இதில்தான். அதைத் தனியாகக் கீழே பார்ப்போம்.

டவர் சிக்னல் எத்தனை கிலோமீட்டர் வரை எட்டும்?

பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் கரையில் இருக்கும் டவர் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதன்பின் சிக்னல் எட்டாது. எவ்வளவு உயரத்தில் இருந்து பார்க்கிறோமோ, அந்த உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

50 மீட்டர் உயர டவருக்கு இது சுமார் 25 கி.மீ. கடல் மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கையில் போன் வைத்திருப்பவருக்கு 5 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 30 கி.மீ. அதே படகில் 15 மீட்டர் உயரப் பாய்மரத் தண்டின் உச்சியில் ஆன்டெனா வைத்தால் அவருடைய பங்கு 14 கி.மீ. ஆகி, மொத்தம் 39 கி.மீ. வரும். இது காகிதக் கணக்கு. நிஜத்தில் வீடியோ பார்க்கும் அளவுக்கு நெட் பெரும்பாலும் 10 முதல் 20 கி.மீ. வரைதான் கிடைக்கும். மலை உச்சியில் டவர் இருக்கும் தீவுகளில் இன்னும் கொஞ்சம் தூரம் வரும்.

அதனால்தான் நீண்ட காலம் படகில் சுற்றுபவர்கள் சிம்மை போனில் போடுவதற்குப் பதிலாக, வெளி ஆன்டெனா பொருத்திய 4ஜி ரவுட்டரில் போடுகிறார்கள். இரும்பு, அலுமினியப் படகுகளில் கேபினுக்குள் சிக்னல் சுத்தமாக வராது. ஆன்டெனா மேலே இருந்தால் அதே சிம், அதே பிளானிலேயே நெட் கிடைக்கும். ஒரு முறை செலவு, மாதாமாதம் லாபம்.

உள்ளூர் சிம்மா, இ-சிம்மா, ரோமிங்கா?

இது நீங்கள் எந்தக் கடலில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. படகுச் சுற்றுலாவுக்குப் பேர்போன மத்தியதரைக் கடலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. ஒரு உறுப்பு நாட்டு சிம்மை இன்னொரு உறுப்பு நாட்டில் பயன்படுத்தினால், சொந்த ஊர்க் கட்டணமே வாங்க வேண்டும். 2032 வரை இந்த விதி நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 27 உறுப்பு நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும் இதில் சேரும். அதாவது கிரீஸில் வாங்கிய சிம் இத்தாலியிலும் குரோஷியாவிலும் ஸ்பெயினிலும் ஓடும். ஒவ்வொரு துறைமுகத்திலும் புது சிம் தேடி அலைய வேண்டாம்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

- இந்திய சிம்முக்கு இந்தச் சலுகை கிடையாது. ஐரோப்பிய நாட்டு சிம்முக்கு மட்டும்தான்.
- 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் ரோமிங்கில் அளவு உண்டு. வெளிநாட்டில் இத்தனை ஜிபி வரைதான் என்று கம்பெனிகள் வரம்பு வைக்கலாம். தொடர்ந்து நான்கு மாதங்களில் சிம் வாங்கிய நாட்டைவிட வெளியில்தான் அதிகம் இருந்தீர்கள் என்றால், விளக்கம் கேட்கவும் கூடுதல் கட்டணம் போடவும் அவர்களுக்கு உரிமை உண்டு.
- பக்கத்து நாடு ஒன்றியத்தில் இல்லாவிட்டால் ஆபத்து. சமோஸ் தீவு கிரீஸுக்குச் சொந்தம். ஆனால் துருக்கிக் கரை அங்கிருந்து 2 கி.மீ. கூட இல்லை. கோஸ், காஸ்டெலோரிசோ தீவுகளும் அப்படித்தான். படகு கிரேக்கக் கடலிலேயே நின்றாலும், போன் துருக்கி டவரைப் பிடித்துவிடும். துருக்கி இந்த விதிக்குள் வராது. மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

தனுஷ்கோடிக்குப் போய் வந்தவர்களுக்கு இது புரியும். நம் மண்ணில் நிற்கும்போதே சில போன்களில் இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்பு மெசேஜ் வந்து விழும். அதே சங்கதிதான்.

தீர்வு ரொம்ப சிம்பிள். செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்'கில் இருந்து 'மேனுவல்' ஆக மாற்றி, உங்களுக்கு வேண்டிய நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். போன் தானாகத் தாவாது.

இ-சிம் எப்போது நல்லது? ஒரு வாரம், பத்து நாள் பயணத்துக்கு இ-சிம் வசதி. வீட்டிலிருந்தே வாங்கிப் போட்டுவிடலாம், இந்திய சிம்மையும் கழற்ற வேண்டாம். மாதக்கணக்கில் தங்குபவருக்கு ஒரு ஜிபிக்கு ஆகும் செலவைப் பார்த்தால், பெரும்பாலும் உள்ளூர் கடையில் வாங்கும் ப்ரீபெய்டு சிம்தான் மலிவு. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், பல நாடுகளில் கேட்பார்கள். துருக்கி போன்ற நாடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு போனில் துருக்கி சிம் போட்டால் 120 நாள் வரைதான் ஓடும். அதற்குமேல் போனைப் பதிவு செய்து வரி கட்ட வேண்டும், இல்லையென்றால் பிளாக் ஆகிவிடும். நீண்ட நாள் தங்கும் திட்டம் இருந்தால், சிம் போட ஒரு பழைய போனையோ ரவுட்டரையோ ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.

'901' என்று ஆரம்பித்தால் உஷார்!

இப்போது அந்த ஐந்தாவது வழிக்கு வருவோம். பெரிய பயணிகள் கப்பல்களிலும் ஃபெரிகளிலும் கப்பலுக்குள்ளேயே சிறிய செல்போன் டவர்கள் இருக்கும். அவை சாட்டிலைட் வழியாக வெளியுலகத்தோடு இணைந்திருக்கும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது பொதுவாக இவை ஆஃபில் இருக்கும். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ. தாண்டியதும் உயிர்பெறும்.

அந்த நேரத்தில் கரை டவர் மறைந்திருக்கும். சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கும் போன், பக்கத்திலேயே ஃபுல் சிக்னலோடு ஒரு டவர் கிடைத்ததும் ஒட்டிக்கொள்ளும். திரையில் 'செல்லுலார் அட் சீ', 'டெலினார் மாரிடைம்' போன்ற பெயர்களோ, 901-18, 901-12 போன்ற எண்களோ தெரியும். 901 என்பது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத சர்வதேச எண். நீங்கள் போட்டிருக்கும் 'ஐரோப்பா பேக்', 'இலங்கை பேக்' எல்லாம் பெரும்பாலும் இங்கே செல்லாது. கப்பலுக்கென்று தனி பேக் இருக்கிறதா என்று உங்கள் சிம் கம்பெனியிடம் கிளம்பும் முன்பே கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய விதியும் இந்தக் கப்பல் டவருக்கு, விமான டவருக்குப் பொருந்தாது. அதனால் அங்கே ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டு சிம்களில் இப்படிப்பட்ட கட்டணம் 50 யூரோவையோ, முன்பே நிர்ணயித்த வேறு வரம்பையோ தொட்டால், இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நம் சிம்முக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. ஒரு வீடியோ கூடப் பார்க்க வேண்டியதில்லை. பின்னணியில் ஓடும் போட்டோ பேக்கப்பும் ஆப் அப்டேட்டும் போதும், பில் கையைச் சுட்டுவிடும்.

என்ன செய்யணும்? கப்பல் கிளம்பும் முன் ஏரோப்ளேன் மோட் போடுங்க. அதன்பிறகு வைஃபையை மட்டும் ஆன் பண்ணுங்க. இந்த ஒரு வேலையைச் செய்தால் போன் எந்த டவரையும் தொடாது. கரையில் இறங்கியதும் ஏரோப்ளேன் மோடை எடுத்தால் போதும்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை ஃபெரி 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓட ஆரம்பித்தது. தூரம் சுமார் 110 கி.மீ. நம் கரை டவர் விலகி இலங்கை டவர் எட்டும் இடத்தில் போன் தானாக ரோமிங்குக்குப் போய்விடும். அதில் போகிறவர்களும் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்துவிட்டு ஏறுவது நல்லது.

கப்பல் வைஃபை: எப்போது வாங்கினால் மலிவு?

முன்பெல்லாம் கப்பல் வைஃபை என்றாலே ஆமை வேகம். காரணம், பூமியிலிருந்து 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் சாட்டிலைட் வழியாக நம் கோரிக்கை போய், பதில் திரும்பி வர அரை வினாடிக்கு மேல் ஆகும். இப்போது சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் சாட்டிலைட்கள் வந்துவிட்டன. ராயல் கரீபியன் 2022-ல் தன் கப்பல்களில் ஸ்டார்லிங்க் பொருத்துவதாக அறிவித்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. வீடியோ கால் பேசும் அளவுக்கு வேகம் கூடியது. ஆனால் விலை இன்னும் கரை விலை இல்லை.

- பல நிறுவனங்களில் கப்பல் ஏறும் முன்பே ஆன்லைனில் பேக்கேஜ் வாங்கினால் கட்டணம் குறைவு. ஏறிய பிறகு வாங்கினால் அதிகம்.
- கட்டணம் 'ஒரு டிவைஸுக்கு' என்று இருந்தால், ஒருவர் லாக்-அவுட் செய்து இன்னொருவர் லாக்-இன் செய்யலாம். குடும்பத்தில் நாலு பேருக்கு நாலு பேக்கேஜ் வாங்க வேண்டாம்.
- தினமும் துறைமுகத்தில் நிற்கும் பயணம் என்றால், கரை சிம்மே போதும். கடலிலேயே இருக்கும் நாள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அந்த நாட்களுக்கு மட்டும் வாங்குங்கள்.

சொந்தப் படகில் ஸ்டார்லிங்க்: செலவு எவ்வளவு?

2022 ஜூலையில் கடலுக்கான ஸ்டார்லிங்க் சேவை அறிமுகமானபோது மாதக் கட்டணம் 5,000 டாலர். கருவிகளுக்குத் தனியாக 10,000 டாலர். பணக்காரர்களின் யாட்டுக்கு மட்டும்தான் என்று இருந்தது. அடுத்த ஆண்டே விலை இறங்கியது. 2025-ல் அமெரிக்கக் கட்டணப்படி, நடுக்கடலிலும் ஓடும் பிளான் 50 ஜிபிக்கு மாதம் 250 டாலர். நிலத்திலும் கரையோரக் கடலிலும் பயன்படுத்தும் 'ரோம்' பிளான் மாதம் சுமார் 50 டாலரில் தொடங்கியது. விலையும் விதியும் அடிக்கடி மாறுகின்றன, வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிறு படகுக்காரர்கள் பலர் செய்வது இதுதான். கரையோரம் சுற்றும் மாதங்களில் மலிவான ரோம் பிளான். பெருங்கடலைக் கடக்கும் மாதத்தில் மட்டும் 250 டாலர் பிளான். கரைக்கு வந்ததும் மீண்டும் பழைய பிளான்.

ரோம் பிளானில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. கணக்கு பதிவான நாட்டைவிட்டு வேறு நாட்டில் 2 மாதத்துக்கு மேல் பயன்படுத்தினால், பதிவை மாற்றச் சொல்வார்கள்.

கரன்ட் கணக்கு முக்கியம்! படகில் மின்சாரம் சோலார் பேனலும் பேட்டரியும் தருவதுதான். ஸ்டார்லிங்கின் சாதாரண டிஷ் சுமார் 75 வாட் இழுக்கும். 24 மணி நேரம் ஓடினால் 12 வோல்ட் பேட்டரியில் 150 ஆம்பியர்-ஹவர் காலி. சுமார் ஒரு கிலோ எடையுள்ள மினி டிஷ் 25 முதல் 40 வாட் வரை இழுக்கும். முழு நாள் ஓடினால் அதிகபட்சம் 80 ஆம்பியர்-ஹவர். தினமும் மூன்று, நான்கு மணி நேரம் மட்டும் ஆன் செய்தால் டேட்டாவும் மிச்சம், பேட்டரியும் மிச்சம்.

டிஷ் இல்லாமல் சாட்டிலைட் நெட் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வேகம் ரொம்பக் குறைவு. இரிடியம் நிறுவனத்தின் 66 சாட்டிலைட்கள் வட துருவம் முதல் தென் துருவம் வரை எங்கும் எட்டும். 'இரிடியம் கோ' என்ற சிறிய பெட்டியின் வேகம் வினாடிக்கு 2.4 கிலோபிட். ஒரு எம்பி இறங்கவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். இதை வைத்து என்ன செய்வது என்று தோன்றலாம். காற்று, அலை நிலவரம் சொல்லும் வானிலை ஃபைல் சில பத்து கிலோபைட் அளவில் கிடைக்கும். நடுக்கடலில் இருப்பவருக்கு அவசியத் தேவை அதுதான். 'கார்மின் இன்ரீச்' போன்ற கையடக்கக் கருவிகளில் சிறு மெசேஜும் எஸ்.ஓ.எஸ். அழைப்பும் அனுப்பலாம்.

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும், கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து கிளம்பி, தாரிணி பாய்மரப் படகில் உலகைச் சுற்றி 2025 மே 29-ல் திரும்பினார்கள். வழியில் அவர்கள் கடந்த 'பாயின்ட் நீமோ' என்ற இடத்திலிருந்து எந்தக் கரைக்குப் போவதானாலும் குறைந்தது 2,688 கி.மீ. அங்கே எந்த சிம்மும் உதவாது.

சின்ன மெசேஜ் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு அபிலாஷ் டாமியே சாட்சி. அப்போது இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்த அவர், 2018 செப்டம்பரில் தனியாளாக 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் போனபோது புயலில் படகின் பாய்மரம் உடைந்தது. முதுகில் பலத்த காயம், எழுந்திருக்கவே முடியவில்லை. சாட்டிலைட் மெசேஜ் கருவியில் அவர் தட்டிய சில வார்த்தைகள்தான் கரைக்கு நிலைமையைச் சொன்னது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து 3,000 கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்த அவரை, செப்டம்பர் 24-ல் பிரான்ஸ் நாட்டு மீன்வளக் கப்பல் மீட்டது.

ஒன்றை மறக்கக் கூடாது. நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும், ஆபத்தில் முதலில் உதவுவது விஹெச்எஃப் ரேடியோவின் சேனல் 16-ம், இருப்பிடத்தை சாட்டிலைட்டுக்குச் சொல்லும் இபிர்ப் கருவியும்தான். டேட்டா காசை மிச்சப்படுத்தலாம், இவற்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இந்தியக் கடலுக்குள் வந்தால் சட்டம் என்ன?

வெளிநாட்டில் சாதாரணமாகக் கடையில் விற்கும் சாட்டிலைட் போன் இந்தியாவில் சிறைக்கே அனுப்பலாம். துரயா, இரிடியம் போன்களை தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் பலர் சிக்கியிருக்கிறார்கள். சாட்டிலைட் மெசேஜ் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் கிடைத்தது. அதை வைத்து, வெளிநாட்டில் வாங்கிய டிஷ்ஷை கொச்சியிலோ சென்னையிலோ ஆன் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். படகில் கருவி இருந்தால், துறைமுகத்துக்குள் வரும் முன்பே ஏஜென்ட் மூலம் விதியைக் கேட்டுத் தெரிவித்துவிடுவது பாதுகாப்பு. வேறு பல நாடுகளிலும் இப்படிப்பட்ட தடைகள் உண்டு. நாடு மாறும்போதெல்லாம் சரிபார்க்க வேண்டும்.

கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கு நெட் உரிமையா?

ஆறு மாதம், ஒன்பது மாதம் கடலில் இருக்கும் மாலுமிக்கு நெட் என்பது வீட்டுக்காரர் முகம், பிள்ளையின் குரல். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் அமலுக்கு வந்தன. முடிந்தவரை கப்பல் உரிமையாளர்கள் மாலுமிகளுக்கு இன்டர்நெட் வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. துறைமுகங்களிலும் இந்த வசதி இருக்க வேண்டும் என்கிறது.

'முடிந்தவரை' என்ற சொல் இருப்பதால் எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். மாதம் எத்தனை ஜிபி இலவசம்? மேலே ஆனால் என்ன கட்டணம்? வாட்ஸ்அப் கால் போகுமா? இந்த மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை: செக் லிஸ்ட்

- போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், வீடியோ ஆட்டோ-ப்ளே மூன்றையும் 'வைஃபையில் மட்டும்' என மாற்றுங்கள். சாட்டிலைட் வைஃபையில் இருக்கும்போது அதையும் ஆஃப் பண்ணிடுங்க.
- வரைபடம், படம், பாட்டு எல்லாவற்றையும் வீட்டு வைஃபையிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும்.
- பேங்க் ஓடிபி வருவது இந்திய சிம்முக்குத்தான். ரோமிங்கை ஆக்டிவேட் செய்து, டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃபில் வையுங்கள்.
- கப்பல் ஏறியதும் ஏரோப்ளேன் மோட். தேவைப்பட்டால் வைஃபை மட்டும்.
- இரண்டு நாட்டுக் கரைக்கு நடுவே போகும்போது நெட்வொர்க் தேர்வு மேனுவலில் இருக்கட்டும்.
- வாட்ஸ்அப்பில் வீடியோ காலுக்குப் பதில் வாய்ஸ் கால், அதற்கும் பதிலாக வாய்ஸ் மெசேஜ். டேட்டா படிப்படியாகக் குறையும்.
- எந்த நாட்களில் சிக்னல் இருக்காது என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை, வீட்டில் இருப்பவர்களும் பதற மாட்டார்கள்.